முள் கள்ளியைத் தொட்டி மாற்றும்போது

டி.எம்.வி. நிலக்கடலை இரகங்களால் திண்டிவனத்தின் பெயரை அறியாத உழவர் இல்லை. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் ஆண்டுதோறும் மல்லாட்டை பிடுங்கிக் காய்த்துப்போன கை கருவேல முள்ளுக்கும் எளிதில் அஞ்சாது. அதே துணிவில்தான் பலரும் தொட்டிக் கள்ளியை வெறுங்கையால் பிடித்துத் தூக்குகிறார்கள். அழகுக்காக நாலு தொட்டி வைத்திருப்பவரானாலும், கன்று வளர்த்து விற்பவரானாலும், டிராகன் பழக் குச்சிகளைப் பையில் வேர்விட வைப்பவரானாலும், தொட்டியைத் தொடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

எந்தக் கள்ளி?

'கள்ளி' என்ற ஒரே பெயரால் நாம் இரண்டு வெவ்வேறு குடும்பச் செடிகளை அழைக்கிறோம். செஞ்சிப் பக்கத்துப் பாறைக் கரடுகளில் நிற்கும் சதுரக்கள்ளியும், வேலியோரத்துத் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளி, டிராகன் பழக்கொடி, தொட்டிகளில் வளர்க்கும் உருண்டைக் கள்ளிகள் ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு குடும்பம். முன்னதில் ஆபத்து பாலில். பின்னதில் ஆபத்து முள்ளில்.

ஐயம் இருந்தால் செடியின் ஓரத்தில் ஆணி முனையால் இலேசாகக் கீறிப் பாருங்கள். வெண்பால் துளிர்த்தால் அதை நச்சுப்பால் என்றே கொள்ளுங்கள். இப்பால் தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகவே, பாலுள்ள கள்ளியை வெட்டும்போதும் தொட்டி மாற்றும்போதும் கண்ணாடி அணிவது அவசியம். வேலை முடிந்து கை கழுவும்வரை முகத்து வியர்வையைத் துடைக்க வேண்டாம். கண்ணில் தெறித்துவிட்டால் அந்த இடத்திலேயே, சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் வரை விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். தாய்ப்பால் விடுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் கூடாது. கழுவிய பின் வலி குறைந்தாலும், திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றே சென்று கண்ணைக் காட்டுங்கள். வெட்டிய கள்ளித் துண்டையும் உடன் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும்.

பெரிய முள்ளைவிடச் சின்ன முள்

சப்பாத்திக்கள்ளியின் நீண்ட முள் கண்ணுக்குத் தெரிவதால் நாமே ஒதுங்கிக் கொள்கிறோம். தொல்லை தருவது அதன் அடியில் கொத்துக் கொத்தாக, பழுப்பு மயிர் போல் இருக்கும் பொடி முட்கள். பழத்தின் மேலும் இவை உண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் தூண்டில் முள்ளைப் போல் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம். இலேசாகத் தொட்டாலே நூற்றுக்கணக்கில் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். முள்ளே இல்லாதது போல் தோன்றும் சில இரகங்களிலும் இவை உண்டு என்பதால் 'வழவழப்பாகத்தானே இருக்கிறது' என்று தடவிப் பார்க்காதீர்கள்.

துணிக் கையுறை இதற்குப் பயன்படாது. தோல் கையுறை பெரிய முள்ளைத் தடுக்கும். ஆனால் பொடி முள் அதில் தங்கி, அடுத்த முறை அணியும்போது கையில் ஏறும். கோணிச் சாக்கால் பிடிக்கும் வழக்கம் உண்டு. அந்தச் சாக்கில் பிறகு மல்லாட்டையோ மாட்டுத் தீவனமோ போட்டால் வீட்டார் கையும் மாட்டின் வாயும் படும் பாட்டைச் சொல்லி முடியாது. செலவில்லாத வழி, பழைய செய்தித்தாள்தான். நாலைந்து தாள்களை நீளவாக்கில் பட்டையாக மடித்துச் செடியின் இடுப்பைச் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் நல்ல கைப்பிடியாகும். வேலை முடிந்ததும் தாளை எறிந்துவிடலாம். சிறு செடிக்கு அடுப்பங்கரை இடுக்கி போதும். அதை மீண்டும் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மாற்றும் முறை

நம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வேரைக் கிளறினால் அழுகல் வரும். தை பிறந்து மாசி, பங்குனிக்குள் மாற்றுவது நல்லது. ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். உலர்ந்த மண் கட்டியாகக் கழன்று வரும். செடியைப் பிடித்து இழுக்க நேராது. பாதிக் காயங்கள் இழுப்பதால் வருவனவே.

தொட்டியைப் படுக்க வைத்து விளிம்பைத் தட்டி, அடித்துளை வழியே குச்சியால் தள்ளுங்கள். செம்மண், ஆற்று மணல் சம அளவும், மக்கிய தொழுவுரம் அதில் பாதியும் கலந்து, அடியில் ஓட்டுச் சில்லு பரப்பிச் செடியை முன்பிருந்த ஆழத்திலேயே வையுங்கள். மண்ணை விரலால் அழுத்தாமல் குச்சியால் குத்தி இறுக்குங்கள். அறுபட்ட வேர் ஆற வேண்டுமாதலால் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். வெட்டிய துண்டுகளையும் நிழலில் ஒரு வாரம் காயவைத்த பிறகே நட வேண்டும்.

முள் ஏறிவிட்டால்

தேய்க்காதீர்கள், பல்லால் கடித்து இழுக்காதீர்கள். பொடி முள் நாக்கிலும் தொண்டையிலும் ஏறிவிடும். வெயிலில் கையைச் சாய்த்துப் பார்த்தால் முட்கள் மின்னும். இடுக்கியால் முடிந்தவரை எடுத்த பின், வெள்ளைப் பசையைத் தடவி, மெல்லிய துணியை மேலே படிய வைத்து, நன்கு காய்ந்ததும் உரித்தால் மீதியில் பெரும்பகுதி வந்துவிடும். பின்னர் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரல் மூட்டருகே பெரிய முள் ஒடிந்திருந்தால், அல்லது இடம் சிவந்து வீங்கினால், நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கழித்த துண்டுகள்

சப்பாத்திக்கள்ளித் துண்டை வரப்பிலோ ஓடையிலோ எறிவது பெருந்தவறு. விழுந்த இடத்தில் வேர்விடும் செடி அது. ஒரு காலத்தில் தென்னாட்டில் நிலங்களை அடைத்துப் பரவிய இதனை ஒடுக்க, 1926இல் இலங்கையிலிருந்து ஒருவகைக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றும் இதன் மடல்களில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பதைக் காணலாம். நசுக்கினால் இரத்தம் போன்ற சிவப்புச் சாறு வரும். எல்லாத் துண்டையும் பூச்சியே தின்றுவிடும் என்று இருந்துவிடலாகாது. துண்டுகளையும் பிடித்த தாளையும் மூன்றடிக்குக் குறையாத குழியில் புதைத்து, அடுத்த மழைக்குப் பின் அங்கே தளிர் தலைகாட்டினால் மண்வெட்டியால் கெல்லி எடுத்துவிடுங்கள்.