வீட்டுக்கு எப்போது சொல்வது?

1902-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பள்ளிகளுக்குச் சுகாதாரத் துறை டாக்டர் வந்து போனால் சில பெஞ்சுகள் காலியாகிவிடும். தலையில் பேன், கையில் சொறி, உடம்பில் படர்தாமரை, கண்ணில் டிரக்கோமா என்று எது தென்பட்டாலும் பிள்ளையின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளி பெற்றோருக்குச் சொன்ன சேதி அவ்வளவுதான். பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த யூத, இத்தாலியக் குடும்பங்கள் அவை. சீட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். படித்தாலும் டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் அதைவிடப் பலர். அந்த செப்டம்பரில் மட்டும் நகரத்தில் இப்படித் திருப்பி அனுப்பியது 10,567 முறை. தொற்று பரவக் கூடாது என்றுதான் அனுப்பினார்கள். அனுப்பப்பட்ட பிள்ளைகளோ சாயங்காலம் அதே வகுப்புத் தோழர்களோடு தெருவில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஹென்றி தெருவில் நர்ஸ்களைக் கொண்டு ஏழைகளுக்கு வீடு தேடி வைத்தியம் செய்துவந்த லில்லியன் வால்டு, ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். வயது 12. தலையில் ஆறாத புண் இருந்ததால் பள்ளியில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. நர்ஸ் ஒருவர் விடாமல் மருந்து போட்டதில் புண் ஆறியது. பையன் பள்ளிக்குப் போனான். ‘உன் பிள்ளைக்கு நோய்’ என்று அந்தத் தாய்க்குச் சொல்லப் பலர் இருந்தார்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதைக் கூட இருந்து செய்யத்தான் ஆள் இல்லை.

அந்த அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார் வால்டு. ஒரு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாகத்தான். சின்னச் சின்னப் புண்களுக்குப் பள்ளியிலேயே கழுவி மருந்து போட்டார் ரோஜர்ஸ். பிறகு அடுக்குக் குடியிருப்புகளில் படியேறி, தாய்மார்களிடம் மருந்து தேய்க்கும் விதத்தையும் சுத்தம் செய்யும் முறையையும் செய்து காட்டினார். பலன் கண்ணெதிரே தெரிந்ததால் நகர நிர்வாகமே நர்ஸ்களை நியமிக்க ஆரம்பித்தது. மறு செப்டம்பரில் 10,567 என்பது 1,101 ஆகக் குறைந்தது.

இன்று அதே நகரத்தில் நர்ஸ் படியேற வேண்டியதில்லை. வருடத் தொடக்கத்தில் பெற்றோர் நிரப்பித் தரும் நீல நிற அவசர அட்டையில் போன் நம்பர்கள் இருக்கின்றன. மொழி தெரியாவிட்டால் போனிலேயே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். சொல்வது சுலபமாகிவிட்டது. எதை, எந்த நேரத்தில் சொல்வது என்பதில்தான் இப்போது நர்ஸின் சாமர்த்தியம் இருக்கிறது.

காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் யோசிக்க ஒன்றுமில்லை, உடனே கூப்பிடலாம். வேர்க்கடலை ஒவ்வாமையில் மூச்சுத் திணறினால் வரிசை வேறு: முதலில் எபினெப்ரின் ஊசி, அடுத்து 911 அவசர எண்ணுக்கு அழைப்பு, அதன் பிறகே அம்மாவுக்குப் போன். அம்மாவிடம் அனுமதி கேட்டு நிற்கும் ஒரு நிமிடம் உயிருக்கே உலை வைக்கலாம். விளையாட்டில் தலையில் அடிபட்டு, மூளை அதிர்ச்சியோ என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். 24 மணி நேரம் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்து, டாக்டரும் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி ஆடலாம். 2012 முதல் நியூயார்க் மாநிலத்தில் இதுதான் சட்டம். சின்ன வீக்கம்தானே என்று சாயங்காலம் வரை தள்ளிப்போடக் கூடாத போன் இது. இரவில் வாந்தியோ குழப்பமோ வந்தால் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

பெற்றோரைக் கூப்பிடுவது இரண்டாம் பட்சமாகும் நேரமும் உண்டு. முதுகில் பெல்ட் தடம் தெரிந்து, வீட்டில் அடி விழுகிறதோ என்ற சந்தேகம் வந்தால், நர்ஸ் முதலில் சொல்ல வேண்டியது மாநிலக் குழந்தைப் பாதுகாப்பு ஹாட்லைனுக்கு. அது சட்டம் விதித்த கடமை. பாலியல் தொற்றுக்கான பரிசோதனையை நியூயார்க்கில் பதின்ம வயதினர் பெற்றோர் சம்மதம் இல்லாமலே செய்துகொள்ளலாம். அந்த விஷயத்தில், ‘நீயே வீட்டில் சொல்லிவிடேன்’ என்று எடுத்துச் சொல்வதோடு நிற்பவர்தான் நல்ல நர்ஸ்.

பேன் கதையும் தலைகீழாகிவிட்டது. பேனோ ஈரோ இருக்கிறது என்பதற்காக ஆரோக்கியமான பிள்ளையின் படிப்பைக் கெடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010-இலேயே சொல்லிவிட்டது. பள்ளி விட்டதும் பெற்றோர் காதில் போட்டால் போதும். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அம்மா ஓடிவர வேண்டியதில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எடுத்துக்கொள்ளச் சம்பளத்தோடு விடுப்பு தரும் நகரச் சட்டம் 2014-இல் வந்திருக்கிறது. ஆனால் அதுவும் 30 மணி நேர உழைப்புக்கு ஒரு மணி நேரம் என்று சேர்வதுதான். பேனுக்காக அதைக் கரைக்கச் சொல்வது நியாயமா?

அவசரமே இல்லாமல் செய்ய வேண்டிய போன் ஒன்று இருக்கிறது. எளிதில் விட்டுப்போவதும் அதுதான். ஆஸ்துமா உள்ள பையன் வந்து இன்ஹேலர் இழுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறான். ஒரு நாள் என்றால் பதிவேட்டில் ஒரு வரி. மூச்சுத் திணறலுக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அன்றைக்குப் பையன் நன்றாகத்தான் இருப்பான். ஆனாலும் நர்ஸ் கூப்பிட்டு, ‘இந்த வாரம் மூன்று முறை வந்தான், தினசரி மருந்து தீர்ந்துபோச்சா, டாக்டரைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டால், அடுத்த மாதம் வரவிருந்த ஆம்புலன்ஸ் வராமலே போகலாம். 1902-இல் வீட்டுக்குச் சேதி போனது பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்குவதற்காக. இந்தப் போன் அவனைப் பள்ளியில் இருக்கவைப்பதற்காக. நர்ஸ் என்றைக்கு வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.