குவாரண்டைன் வேறு, ஐசோலேஷன் வேறு

தொற்றுநோய் பரவாமலிருக்க ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. நோய் தொற்றிவிட்டது என்று உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஐசோலேஷன். நோயாளியோடு பழகியவரோ, நோய் பரவும் ஊரிலிருந்து வந்தவரோ இப்போது நலமாகவே இருக்கலாம். தொற்றியிருக்குமோ என்ற ஐயம் மட்டும் தீராமல் இருக்கும். அந்த ஐயம் தீரும்வரை அவரைப் பிரித்து வைப்பது குவாரண்டைன்.

கொரோனா பரவிய 2020இல் தமிழ்ச் செய்திகளில் இரண்டுமே பெரும்பாலும் ‘தனிமைப்படுத்தல்’ ஆயின. பிரிட்டனிலும் நோயாளிக்கும் அவரோடு பழகியவருக்கும் ‘செல்ஃப் ஐசோலேஷன்’ என்ற ஒரே பெயர்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைத் தனிமைப்படுத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அவருக்கு நோய் வந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிடும். நலமாக இருப்பவர் மேல் நோயாளி என்ற முத்திரை விழுவது சிறிய தீங்கல்ல.

இரண்டு சொற்களுக்கும் பிறப்பிடம் இத்தாலி. நாற்பது நாளைக் குறித்த வெனிஸ் நகரத்துச் சொல்தான் குவாரண்டைன் ஆயிற்று. ஐசோலேஷனின் வேரில் இருப்பது ‘தீவு’. பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் வரலாம் என்று 1377இல் ரகூசா சட்டம் போட்டது. குரோஷியாவில் இன்று துப்ரோவ்னிக் எனப்படும் துறைமுக நகரம் அது. வெனிஸ் ஒரு படி மேலே போயிற்று. 1423இல் ஒரு தீவில் பிளேக் நோயாளிகளுக்கு மருத்துவமனை அமைத்தது. 1468இல் ஐயத்துக்குரிய கப்பல்களின் ஆட்களையும் சரக்கையும் நிறுத்திவைக்க வேறொரு தீவை ஒதுக்கியது. நோய்க்கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், நோயாளியையும் ஐயத்துக்குரியவரையும் ஒரே இடத்தில் அடைக்கக் கூடாது என்று கண்டுகொண்டது பெரிய அறிவு.

தமிழர்களுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் கடல் தாண்டுமுன் இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டார்கள். அது குவாரண்டைன் முகாம்.

பிரித்து வைக்கும் நாள்கணக்கும் இரண்டுக்கும் வேறு. கிருமி உடலுக்குள் நுழைந்து நோய் வெளிப்பட அதிகபட்சம் எத்தனை நாள் ஆகுமோ, அதுவே குவாரண்டைனின் அளவு. ஐசோலேஷனோ, நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றும் நிலை நீங்கும்வரை. தட்டம்மையைப் பாருங்கள். தடிப்பு தோன்றி நான்கு நாள் கழிந்தால் நோயாளியை விட்டுவிடலாம். அவரோடு பழகிய, தடுப்பாற்றல் இல்லாத ஒருவரோ 21 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். நோயாளியைவிட நலமானவருக்கு நீண்ட காவல்! முரண்போலத் தோன்றினாலும் கணக்கு சரியே. 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் மூவரும் நலமாகத்தான் இருந்தார்கள். நிலவில் ஏதேனும் கிருமி இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஐயத்துக்காக அவர்களுக்கும் 21 நாள் குவாரண்டைன்.

‘நோயாளி’ என்பதைக் காய்ச்சலும் இருமலும் உள்ளவர் என்று மட்டும் கொண்டால் பிழை நேரும். நியூயார்க்கில் சமையல்காரியாக இருந்த மேரி மாலனுக்கு நோய்க்குறி எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் மலத்தில் டைபாய்டு கிருமி இருந்தது. 1907 முதல் 1910 வரையும், 1915 முதல் 1938இல் இறக்கும்வரையும் அவர் ஒரு தீவில் அடைபட்டிருந்தார். பலர் அதைக் குவாரண்டைன் என்றே எழுதுகிறார்கள். தொற்று உறுதியானதால் அது ஐசோலேஷன்.

குவாரண்டைன் அரைகுறையாக நடந்தால் என்ன ஆகும் என்பதை 2020 பிப்ரவரியில் யோக்கஹாமா துறைமுகத்தில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பல் காட்டியது. அதில் இருந்தவர்கள் 3,711 பேர். தொற்று உறுதியானவர்கள் கரையிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள்; அது ஐசோலேஷன். மற்றப் பயணிகள் அவரவர் அறையிலேயே இருத்தப்பட்டார்கள், அது குவாரண்டைன். ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அதே அறையில் இருந்தவருக்கு நாள்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஆனால் அறை அறையாக உணவு கொண்டுபோன கப்பல் ஊழியர்கள் தொடர்ந்து வேலை செய்தார்கள், தங்குமிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை குவாரண்டைன் நடக்கவே இல்லை. கடைசிக் கணக்கில் அந்தக் கப்பலில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது.