பரிசு தராத தீவு

ஆளில்லாத ஒரு தீவு. எங்கு திரும்பினாலும் கட்டம் போட்ட பலகைகள். வட்டத்தில் தொடங்கி மறுமுனைவரை கோடு இழுக்க வேண்டும். 2016 ஜனவரியில் வெளியான 'தி விட்னஸ்' வீடியோ கேமில் செய்யவேண்டியது இவ்வளவுதான். இப்படி 500-க்கும் மேற்பட்ட புதிர்கள்.

வெளியானபோது விலை 40 டாலர். சிறு குழுக்களின் கேம்கள் பெரும்பாலும் 15, 20 டாலருக்குக் கிடைத்த காலம் அது. 2008-ல் வெளியிட்ட 'பிரெய்ட்' கேமில் சம்பாதித்ததை, இதை உருவாக்கிய ஜோனதன் ப்ளோ இதில்தான் கொட்டினார். காசுக்குத் தகுமா என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது.

என் தம்பி எதிர்க்கட்சி. "ஏண்ணே, ஒரு பலகையைத் தீர்த்தா அடுத்த பலகை எரியுது. இதுக்கா இவ்வளவு பணம்?" என்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை. கதை கிடையாது, பரிசு கிடையாது. முடிவிலோ, தீர்த்ததையெல்லாம் அழித்துவிட்டுத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறார்கள்.

ஆனால் தம்பி பாதிப் புதிர்களை யூடியூபில் விடை பார்த்துத் தீர்த்தவன். சண்டைக் கேமில் குறுக்குவழி போனாலும் ஓடுவதும் சுடுவதும் மிஞ்சும். இங்கே விடை தெரிந்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை. விதியை யாரும் எழுதிக் காட்டுவதில்லை. கறுப்பு, வெள்ளைச் சதுரங்களைக் கோடு பிரிக்க வேண்டும் என்பதைச் சுலபமான நாலைந்து பலகைகளில் தட்டுத்தடுமாறி நாமே கண்டுபிடிக்கிறோம். ஊர்ப் பகுதியில் தலைகால் புரியாமல் விட்டுவந்த பலகை, சதுப்பு நிலத்தைச் சுற்றிவிட்டு வந்தால் சட்டென்று பிடிபடுகிறது. நடுவில் புதுச் சாவி எதுவும் கையில் கிடைத்திருக்காது. எனக்கு அந்த நிமிடத்துக்காகவே கொடுக்கலாம் பணம். இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் தீவில் ஒளிந்திருக்கிறது. சொன்னால் உங்களுக்கு நஷ்டம்.

அதற்காக எல்லாவற்றையும் மெச்சமாட்டேன். ஆங்காங்கே கிடக்கும் ஒலிப்பதிவுகளில் விஞ்ஞானிகளும் ஞானிகளும் சொன்னதை வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கொட்டாவிதான் வந்தது. ஒரு புதிருக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் உரை கேட்டபடி காத்திருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

நிறக்குருடு உள்ளவர்களும் காது கேளாதவர்களும் எழுப்பும் புகார் இன்னும் நியாயமானது. ஒரு பகுதி முழுக்க நிறங்களை நம்பி நிற்கிறது. காட்டுப்பகுதியில் பறவைக் குரலைக் கேட்டுத்தான் கோடு போட வேண்டும். 11-ல் ஏழு பகுதிகளை முடித்தாலே முடிவுக்குக் கொண்டுபோகும் மலைக்கதவு திறந்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடலாம். அது ஒரு சமாளிப்புதான்.

சிலருக்குத் திரை அசைவில் தலைசுற்றலும் வருகிறது. பஸ்ஸில் படித்தாலே குமட்டுகிறவர்கள் முதலில் நண்பர் வீட்டில் ஆடிப் பார்க்கட்டும். மற்றவர்கள் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்காரலாம், தள்ளுபடி வரும்போது வாங்கி. 40 டாலர் எனக்கும் அதிகம்தான்.