தாருகாவனத்து அபிசார வேள்வி

தாருகாவனத்து முனிவர், கன்மமே தன் பலனைத் தரும், அதன்மேல் முதல்வனொருவன் வேண்டா என்னும் மீமாஞ்சகக் கொள்கையினர். அவர் வரலாறு கந்தபுராணத்தும் கோயிற்புராணத்தும் விரிக்கப்பட்டுள்ளது. பிட்சாடனராய் எழுந்தருளிய பெருமானை வெகுண்டு, அவரனைவரும் ஒருங்குகூடிக் கொலைகருதிய அபிசார வேள்வியை இயற்றினர்.

இக்கதையைக் கேட்போர் பலரும் முனிபத்தினியர் நிறையழிந்த பகுதியோடு நின்றுவிடுகின்றனர். சித்தாந்தப் பொருள் கிடப்பது வேள்விக் குண்டத்திலேயாம்.

அவ்வேள்வி அவர்தம் மதத்தானும் தருமமன்று. சியேனம் முதலிய கொலைவேள்விகள் வேதத்துட் சொல்லப்படினும், அனர்த்தமாதலின் தருமமெனப்படா என்பது சபரசுவாமி பாடியத்தின் துணிபு. வெகுளி அதனை மறைத்தது போலும்!

மந்திரம் பிழைத்தமையால் வேள்வி பழுதாயிற்றென்பார்க்கு இடமில்லை. புலி, மழு, மான், பாம்பு, முயலகன் எனக் கருதியன யாவும் எழுந்தன. ஏவிய இடத்தையும் எய்தின. எய்தியபின், புலியின் தோல் உடையாயிற்று, மழுவும் மானும் திருக்கரத்தமர்ந்தன, பாம்புகள் அணியாயின, முயலகன் திருவடிக்கீழ்க் கிடந்தான். செயல் நிகழ்ந்தும் பயன் செய்தார் கருத்தின்வழி நில்லாமை காண்க.

செயலால் தோன்றும் அபூர்வமே பயன் கூட்டுமெனின், அதுவும் சடமே. இன்னார்க்கு இன்னது என அறிந்து கூட்டுதல் சடத்திற்கு யாங்ஙனம் கூடும்? பட்டாசாரியரும் பிரபாகரரும் தம்முள் மாறுபட்டாராயினும் இதற்கு விடைகூறாமையில் ஒத்தவரே. சிவஞானசித்தியார் பரபக்கம் இருவரையும் தனித்தனி மறுத்தது.

தக்கன் வேட்டது விதித்த வேள்வி. அது தீமையாய் முடிந்தமையைச் சித்தியார் சுபக்கம் எடுத்துக்காட்டும். இம்முனிவர் வேட்டதோ விலக்கிய வேள்வி. அதன் முடிவில் அவர் திருக்கூத்தைக் கண்டு வணங்கினர்.