கேரவன் பேட்டரி ஏன் நிறையவில்லை?

குற்றாலத்துக்குச் சீசனில் படுக்கையும் குட்டி பிரிட்ஜும் வைத்த வண்டியோடு வருகிறவர்கள் உண்டு. கூரையில் சோலார் பேனல், உள்ளே 12 வோல்ட் பேட்டரி, நடுவே சார்ஜ் கண்ட்ரோலர். ஆனால் சாரல் விழும் ஜூன், ஜூலைதான் பேனலுக்கு ஆகாத மாதங்கள். மேகம் கனத்தால் உற்பத்தி கால்வாசிக்கும் கீழே போய்விடும். ராத்திரி பிரிட்ஜ் நின்றதும், "பேட்டரி போச்சு" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

அவசரப்பட வேண்டாம். மலையடிவாரத்தை விட்டு வண்டியைக் கிழக்கே வீரகேரளம்புதூர் பக்கம் ஓட்டுங்கள். மலையை விட்டு விலக விலக மழை குறைந்து, மேகத்துக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும். மர நிழலில் மட்டும் நிறுத்தக் கூடாது. பேனலின் செல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒரு செல்லை இலை மறைத்தாலே அந்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். நல்ல வெயிலில் சார்ஜ் ஒழுங்காக ஏறினால் கருவிகளில் குறை இல்லை.

ஏறவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். ஈய-அமில பேட்டரி சார்ஜும் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு உதவாது. அது தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது வயர். என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். கண்ட்ரோலரும் பேட்டரியும் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் வயர். வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. வயரில் 10 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.2 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். வீட்டின் 230 வோல்ட்டில் அது தூசி. 12 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. கண்ட்ரோலர் 14.4 என்று பெருமையாகக் காட்டும். பேட்டரிக்குக் கிடைப்பதோ 13.2. நிறைந்துவிட்டதென்று நம்பி கண்ட்ரோலர் ஓட்டத்தைக் குறைக்க, பேட்டரி நிறைவதற்குள் வெயில் போய்விடும். 6 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். கண்ட்ரோலரைப் பேட்டரி அருகிலேயே மாட்டுவது இன்னும் மேல்.

தளர்ந்த லக், பச்சை பூத்த முனை, இரண்டும் இதே வேலையைச் செய்யும். இரண்டு பேட்டரிகளை இணையாகக் கட்டியிருந்தால் பாசிட்டிவை ஒன்றிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் எடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று உழைக்கும், மற்றது தூங்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி பியூஸ் கட்டாயம். கழற்றிய இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்போது கண்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகே பேனல்.

புதுப் பேட்டரி வாங்கச் சொல்கிறவரிடம், சார்ஜ் ஏறும்போது கண்ட்ரோலர் முனையிலும் பேட்டரி முனையிலும் வோல்ட்டை அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால் மாற்ற வேண்டியது வயரை.