கேம் கன்சோல் இசையைக் கணினியில் கேட்பதும் பிரித்தெடுப்பதும்

கேம் கன்சோல் இசை என்பது, தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் நிகழ்பட ஆட்டப் பெட்டிகளில் ஆட்டத்துக்குப் பின்னணியாக ஒலிக்கும் இசை ஆகும். 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் வெளிவந்த ஆட்டங்களில் இது பெரும்பாலும் ஒலிப்பதிவாக இருப்பதில்லை. எந்தச் சுரத்தை எப்போது, எவ்வளவு நேரம், எந்த ஒலியில் எழுப்ப வேண்டும் என்று ஒலிச் சில்லுக்கு இடும் கட்டளைகளாகவே இருக்கும். கச்சேரியை நாடாவில் பதிவு செய்வது ஒன்று. கீர்த்தனையைச் சுரப்படுத்திய புத்தகத்தை வாத்தியக்காரரிடம் கொடுப்பது மற்றொன்று. பழைய கன்சோல்கள் இரண்டாவது வகை. இந்த வேறுபாடு தெரியாமல் பிரித்தெடுக்கப் போனால் வேலை பாழாகும்.

ஏன் ஒலிப்பதிவாக வைக்கவில்லை?

இடம் போதாது என்பதே காரணம். 1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டம் முழுவதும், படங்கள், விதிகள், இசை எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்டில் அடங்கியது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட ஒலிப்பதிவுக்கே ஏறத்தாழ 10 மெகாபைட் வேண்டும். அந்தக் கணக்கில் 40 கிலோபைட்டில் கால் நொடி இசைகூட அடங்காது. அத்தனை சிறிய இடத்தில்தான் கோஜி கொண்டோ தம் மெட்டுகளை அமைத்தார். அந்த ஆட்டத்தின் முகப்பிசை 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பாமிகாமும் என்.எஸ்.எஃப் கோப்பும்

நின்டெண்டோவின் பாமிகாம் கன்சோல் ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று வெளிவந்தது. பிற நாடுகளில் இது என்.இ.எஸ் எனப்பட்டது. இதன் செயலியும் ஒலிப்பகுதியும் ஒரே சில்லில் உள்ளன. ஒலிக்குத் தடங்கள் ஐந்து: சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, சிறு ஒலி மாதிரிகளுக்கு ஒன்று. வழக்கமாகச் சதுர அலைகள் மெட்டையும் துணைச் சுரங்களையும், முக்கோண அலை கீழ்ச் சுரங்களையும், இரைச்சல் தாளத்தையும் ஏற்கும். முக்கோண அலையின் ஒலி அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒலிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான்.

ஆட்டத்தின் ஓசைகளுக்கும் இதே ஐந்து தடங்கள்தான். மாரியோ குதிக்கும்போது எழும் ஓசைக்காக ஒரு சதுர அலைத் தடம் நொடி நேரம் பறிக்கப்படும். அதில் ஓடிக்கொண்டிருந்த இசைப்பகுதி அந்த நேரத்தில் கேட்காது. ஆட்டத்தை ஆடிக்கொண்டே பதிவு செய்தால் இசை முழுமையாகக் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

இதற்குத் தீர்வாக கெவின் ஹார்ட்டன் உருவாக்கியது என்.எஸ்.எஃப் கோப்பு வகை. கார்ட்ரிட்ஜின் தரவிலிருந்து (நம் ஊரில் பிள்ளைகள் இதைக் 'கேசட்' என்றே சொன்னார்கள்) இசையை இயக்கும் நிரலையும் இசைத் தரவையும் மட்டும் பெயர்த்தெடுத்து, முன்னால் 128 பைட் அளவுள்ள தலைப்பகுதி ஒன்றைச் சேர்ப்பார்கள். அதில் மூன்று முகவரிகள் முக்கியமானவை. நிரலை நினைவகத்தில் எங்கே ஏற்றுவது என்பதை முதல் முகவரி சொல்லும். பாட்டு எண்ணைக் கொடுத்துத் தொடங்கிவைக்கும் பகுதி எங்கே என்பதை இரண்டாவது சொல்லும். நொடிக்கு 60 முறை அழைக்கவேண்டிய பகுதி எங்கே என்பதை மூன்றாவது சொல்லும். கணினியில் உள்ள இயக்கி, பாமிகாம் செயலியைப் போல நடித்து அந்த நிரலை ஓட்டுகிறது. ஆகவே என்.எஸ்.எஃப் கோப்பைத் திறக்கும்போது நாம் கேட்பது பதிவு அன்று. அந்த நொடியில் புதிதாக வாசிக்கப்படும் இசை. ஓர் ஆட்டத்தின் எல்லாப் பாட்டுகளும் ஒரே கோப்பில் இருக்கும்; அடுத்த பாட்டுக்குப் போக எண்ணை மாற்ற வேண்டும்.

'நொடிக்கு 60 முறை' என்பதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. 1990-களில் இந்தியக் கடைகளில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டிகளில் பல, பாமிகாமின் நகல்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி பால் முறையில், நொடிக்கு 50 என்ற கணக்கில் இயங்கியது. அதற்கேற்ப 50 முறை மட்டும் அழைக்கும் பெட்டியில் இசையின் நடை ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிடும். அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்று கணினியில் கேட்கும்போது மெட்டு ஓடுவதுபோல் தோன்றும். கோப்பில் பிழையில்லை, ஜப்பானில் அமைத்த வேகம் அதுதான்.

சூப்பர் பாமிகாமும் எஸ்.பி.சி கோப்பும்

1990 நவம்பரில் வந்த சூப்பர் பாமிகாமில் ஒலிப்பகுதி ஏறக்குறைய ஒரு தனிக் கணினி. சோனி நிறுவனத்தின் கென் குத்தராகி வடிவமைத்தது. பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கியவரும் இவரே. இதற்கென்று தனிச் செயலியும், 64 கிலோபைட் நினைவகமும், எட்டுத் தடங்களும் உண்டு. வெறும் அலைகளுக்குப் பதிலாக உண்மையான கருவிகளின் சிறு ஒலி மாதிரிகளை இது பயன்படுத்துகிறது. 16 மாதிரி எண்கள் 9 பைட்டுகளாகச் சுருக்கப்பட்டு நினைவகத்தில் இருக்கும்.

இசைக்கு வேண்டிய யாவும் அந்த 64 கிலோபைட்டுக்குள் இருப்பதால், பிரித்தெடுப்பது எளிது. பாட்டு தொடங்கும் கணத்தில் ஒலி நினைவகத்தையும் சில்லின் பதிவேடுகளையும் அப்படியே நகலெடுத்தால் போதும். அதுவே எஸ்.பி.சி கோப்பு; வழக்கமான அளவு 66,048 பைட்டுகள். செட்ஸ்னெஸ் போன்ற எமுலேட்டர்களில் இதற்கான வசதி உள்ளது. செய்முறையில் கவனிக்க வேண்டியது நேரம். அரை நொடி தாமதித்து நகலெடுத்தால் பாட்டின் முதல் சுரங்கள் போய்விடும். பாட்டு நடுவே முதன்மைச் செயலியிலிருந்து புதிய ஒலி மாதிரிகளைப் பெறும் ஆட்டங்கள் சில உண்டு. அவற்றுக்கு ஒரு நகல் போதாது.

மற்ற கன்சோல்கள்

சேகா மெகா டிரைவில் ஆறு தடங்கள் கொண்ட யமஹா ஒய்.எம்.2612 என்ற சில்லும், அத்துடன் எளிய சதுர அலைச் சில்லு ஒன்றும் உள்ளன. இதற்குப் பயன்படும் வி.ஜி.எம் கோப்பு நிரலைச் சேமிப்பதில்லை. சில்லுக்குச் சென்ற ஒவ்வொரு கட்டளையையும் நேரக் குறிப்போடு எழுதி வைக்கிறது. கேம்பாய்க்கு ஜி.பி.எஸ் கோப்பு, இது என்.எஸ்.எஃப் போன்றதே.

1994-இல் வந்த பிளேஸ்டேஷனில் குறுந்தகடு பயன்பட்டதால், சில ஆட்டங்களின் இசை சாதாரண இசைத் தகட்டைப் போலவே தடங்களாக உள்ளது. தகட்டிலிருந்து பாட்டை எடுக்கும் எந்த மென்பொருளும் அதைப் பிரித்துத் தரும். முதல் தடம் ஆட்டத்தின் தரவு. அதைப் பாட்டாக ஒலிக்கவிடக் கூடாது, காதைப் பிளக்கும் இரைச்சல் வரும், ஒலிபெருக்கியும் கெடலாம். பிற பிளேஸ்டேஷன் ஆட்டங்கள் 24 தடச் சில்லைக் கொண்டே இசைத்தன, அவற்றுக்குப் பி.எஸ்.எஃப் கோப்பு.

கணினியில் கேட்க

வி.எல்.சி இயக்கியே என்.எஸ்.எஃப், எஸ்.பி.சி, ஜி.பி.எஸ், வி.ஜி.எம் கோப்புகளைத் திறக்கும். இதற்கு அது கேம் மியூசிக் எமு என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. விண்டோஸில் ஃபூபார்2000 மென்பொருளுக்குத் தனி இணைப்பு நிரல் உண்டு. லினக்ஸில் அடாஷியஸ் போதும். தடங்களைத் தனித்தனியே அடைக்கும் வசதியுள்ள இயக்கி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கவும். கீழ்ச் சுரத் தடத்தை மட்டும் ஓடவிட்டுக் கேட்பது, இசை பயில்பவருக்கு ஆசிரியர் அருகில் இருப்பது போன்றது.

வேவ், எம்பி3 ஆக மாற்றும்போது

இக்கட்டுரையாளர் செய்த தவறு ஒன்றைச் சொல்லலாம். எஸ்.பி.சி தொகுப்பு ஒன்றை எம்பி3 ஆக மாற்றி, இடம் மிச்சமாகிறது என்று மூலக் கோப்புகளை அழித்துவிட்டேன். மிச்சமாகவில்லை, எம்பி3-தான் பல மடங்கு பெரியது. சில மாதம் கழித்து, கீபோர்டு பழகும் பழைய மாணவர் ஒருவர் ஒரு பாட்டின் கீழ்ச் சுரங்களை மட்டும் தனியே கேட்க விரும்பினார். எட்டுத் தடங்களும் ஒன்றாகக் கலந்துபோன கோப்பிலிருந்து அதைப் பிரிக்க வழியில்லை.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், வண்டியிலோ கைப்பேசியிலோ கேட்க என்று வைத்துக்கொள்வோம், முதலில் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். இவ்வகை இசைக்குப் பெரும்பாலும் முடிவே கிடையாது. ஆட்டக்காரர் அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை சுற்றிச் சுற்றி வரும். இரண்டு சுற்று ஒலிக்கவிட்டு, பிறகு சில நொடிகளில் ஒலியைத் தேய்த்து முடிப்பது வழக்கம். எஸ்.பி.சி கோப்பில் பாட்டின் நீளத்தையும் தேய்வு நேரத்தையும் குறித்துவைக்க இடம் உண்டு. என்.எஸ்.எஃப் கோப்பின் பழைய வடிவில் இல்லை. நாமே இயக்கியில் தர வேண்டும்.

சூப்பர் பாமிகாமின் ஒலி நொடிக்கு 32,000 மாதிரிகள் கொண்டது. எனவே 32,000 என்ற அளவிலேயே வேவ் கோப்பாக எழுதினால் தேவையற்ற ஒரு மாற்றம் தவிர்க்கப்படும். மூன்று நிமிடப் பாட்டு 23 மெகாபைட் வரும், அதாவது மூலக் கோப்பைப்போல் ஏறத்தாழ 350 மடங்கு. பாமிகாம் இசை ஒற்றைத் தட ஒலி. அதை இரட்டைத் தடமாக எழுதுவதால் கோப்பு பெருக்குமே தவிர வேறு பயனில்லை.

பதிப்புரிமை

இந்த இசைக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனங்கள். கன்சோல் விற்பனையில் இல்லை என்பதால் உரிமை காலாவதியாகிவிடாது. பிரித்தெடுத்த இசையை விற்பதற்கோ, இணையத்தில் பரப்புவதற்கோ, சொந்தக் காணொளிக்குப் பின்னணியாக வைப்பதற்கோ அனுமதி வேண்டும். என்.எஸ்.எஃப், பி.எஸ்.எஃப் கோப்புகளில் இசையோடு ஆட்டத்தின் நிரல் பகுதியும் இருப்பதால், அவை கணினி நிரலுக்கான பாதுகாப்புக்குள்ளும் வருகின்றன.