வேக் இன் ஃப்ரைட்: உபசரிப்பே பொறியாகும் ஊர்

1971இல் வெளியான ‘வேக் இன் ஃப்ரைட்’ திரைப்படத்தில் பேயுமில்லை, தொடர் கொலைகாரனுமில்லை. அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் கற்பிக்கும் ஆசிரியர் ஜோன் கிராண்ட், நத்தார் விடுமுறைக்குச் சிட்னி செல்லும் வழியில் ஒரு சுரங்க நகரில் தங்குகிறார். வேலைப் பிணைமுறியிலிருந்து விடுபடும் ஆசையில் நாணயச் சூதாடி, கையிலிருந்த பணம் முழுவதையும் இழக்கிறார். அதன்பின் அவரை யாரும் கட்டிவைப்பதில்லை. பியர் வாங்கிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். மறுத்தால் முகம் மாறுகிறது. இயக்குநர் டெட் கொட்செஃப் அச்சத்தை ஒளித்து வைத்திருப்பது அங்கேதான்.

இரவு நேரக் கங்காரு வேட்டையில் காட்டப்படும் சாவுகள் நிஜமானவை. வெடிச்சத்தம் இன்னும் உறக்கத்தைக் கலைக்கிறதென்றால், அந்தக் காட்சியைத் தாராளமாகத் தாண்டிச் செல்லுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: ஒரு கட்டத்தில் ஆசிரியர் தானே கத்தியுடன் இறங்குகிறார். கூட வந்தவர்கள் தூண்டிவிட்டார்கள். சுற்றி நின்று சிரித்தார்கள்.